இடப்பக்கம் சாய்ந்த மலைகள்

மேசை மேல் வந்து விழுந்தது ஒரு மேலங்கி. மலைப் பாதையில் ஓடுகிறவர்கள் சட்டைக்கு மேல் இறுக்கமாகப் போட்டுக்கொள்வது. கை கிடையாது, முன்பக்கம் தண்ணீருக்கு இரண்டு பை, நெஞ்சருகே ஜிப் வைத்த சின்னப் பை ஒன்று. இரண்டு தோள்பட்டைகளும் கத்தரிக்கோலால் வெட்டப்பட்டிருந்தன.

"இதைத் தெச்சது நான். வெட்டினது ஆஸ்பத்திரி. என் தம்பியைப் பள்ளத்துல போட்டது யாருன்னு நீங்கதான் சொல்லணும். இன்னிக்கு நாலு மணிக்குள்ள."

சொன்னவள் தையற்காரி. கழுத்தில் அளவு நாடா தொங்கிக்கொண்டிருந்தது. வேலையைப் பாதியில் போட்டுவிட்டு வந்திருக்கிறாள்; நாடாவைக் கழற்றக்கூட நினைவில்லை.

மணி பதினொன்று இருபது.

"நாலு மணிக்கா? எங்க மேடம் கண்ணாடியைத் தேடி எடுக்கவே மூணு ஆகுமேம்மா" என்றான் சோடாபுட்டி. துப்பறிவாளரின் உதவியாளன். கண்ணாடியின் கனத்தால் வந்த பெயர் அது. நாற்பது வயதில், உடம்பில் வேகமாக ஓடும் ஒரே உறுப்பு நாக்குதான் என்று அவனே ஒப்புக்கொள்வான்.

"கண்ணாடியை நான் தேடித் தரேன். அவங்க வேலையைப் பார்க்கட்டும்."

சோடாபுட்டி வாயை மூடிக்கொண்டான். அபூர்வம்.

துப்பறிவாளர் அந்த அம்மாளை உட்காரச் சொன்னார். துப்பறிவாளருக்கு ஐம்பத்தாறு வயது, பதினெட்டு வருடம் விபத்து விசாரணை அதிகாரியாக இருந்துவிட்டு, மேலதிகாரி ஒருவர் மேல் கோப்பு ஒன்றை வீசிவிட்டு வெளியே வந்தவர். அந்த ஒரு தடவைக்குப் பிறகு அவர் எதையும் வீசியதில்லை. கோபம் வந்தால் அவர் குரல் ஏறாது, இறங்கும். அந்த இறக்கத்தின் ஒவ்வொரு படியும் சோடாபுட்டிக்கு மனப்பாடம்.

"முதல்லேர்ந்து சொல்லுங்க. கோபத்தைக் கடைசியில வெச்சுக்கலாம்."

அக்கா சொன்னாள். அதை ஒழுங்குபடுத்தினால் இவ்வளவுதான்.

தம்பி பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியர். ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளை மலையடிவாரத்தில் ஓட்டப் பழக்குகிறவன். பன்னிரண்டு நாளைக்கு முன் நடந்த மலையோட்டப் போட்டியில் ஒன்பதாவதாக ஓடிக்கொண்டிருந்தான். காலை ஏழு ஐம்பத்திரண்டுக்கு மூன்றாவது வளைவில், முப்பது அடிப் பள்ளத்தில் விழுந்தான். இடுப்பெலும்பும் முதுகெலும்பும் முறிவு. பிழைத்துக்கொண்டான், ஆனால் அன்று காலை ஷூ மாட்டியது கூட ஞாபகமில்லை.

அமைப்பாளர் தந்த அறிக்கையை அக்கா மனப்பாடமாகவே ஒப்பித்தாள்: "ஐம்பத்தேழாம் எண் போட்டியாளர், குறியிட்ட பாதையை விட்டு விலகி, விளிம்பில் நின்று, கையில் போனை வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது தவறி விழுந்தார். சம்பவ இடத்தில் இருந்த பணியாளர் நேரில் கண்டார்."

"பணியாளர்னா யாரு?"

"கேட்டேன். சொல்ல மாட்டேங்கிறார். கண்ணாடி டம்ளரைத் தூக்கி எறிஞ்சேன். அதுக்கப்புறம் என்னை உள்ளயே விடல."

"குறி பார்த்து எறிஞ்சீங்களா, சும்மா எறிஞ்சீங்களா?" என்றான் சோடாபுட்டி.

"அவர் பக்கத்து சுவர்ல பட்டுச்சு."

"அப்ப பழகணும்."

அக்கா சிரிக்கவில்லை. "ஊரே அவனைப் போட்டோப் பைத்தியம்னு சொல்லுது. இன்னிக்கு நாலு மணிக்கு ஸ்கூல்ல நிர்வாகக் குழு கூடுது. ஒரு போட்டோவுக்காக உசுரை விடத் துணிஞ்ச ஆளை நம்பிப் பிள்ளைங்களை மலைக்கு அனுப்ப முடியாதாம். வேலையை விட்டுத் தூக்கப் போறாங்க. படுக்கையில கிடக்கிறவனுக்கு இருக்கிறதே அந்தப் பிள்ளைங்கதான். எப்ப வருவீங்க சார்னு கார்டுல எழுதி அனுப்பியிருக்குங்க. தலைமாட்டுல ஒட்டி வெச்சிருக்கான்."

பிறகு குரல் உடைந்து, உடைந்த குரலிலேயே கத்தினாள்.

"இதுல பெரிய கொடுமை என்ன தெரியுமா? அந்தப் போட்டோவை வெளிய விட்டதே நான்தான். ஆஸ்பத்திரி வராந்தாவுல உட்கார்ந்து அவன் போனைத் திறந்தேன். கடைசியா எடுத்த மலைப்படம் இருந்துச்சு. என் தம்பி கடைசியா பார்த்ததுன்னு அழுதுகிட்டே நாலு பேருக்கு அனுப்பினேன். அந்த நாலு நாப்பதாயிரம் ஆச்சு. அதையே சாட்சியா வெச்சு அவனை அடிக்கிறாங்க!"

துப்பறிவாளர் மேலங்கியைப் புரட்டினார். நெஞ்சருகே இருந்த சின்னப் பையின் ஜிப்பை இழுத்தார். வரவில்லை. ஒரு கையால் துணியைப் பிடித்து மறு கையால் இழுத்த பிறகுதான் 'சர்'ரென்று வந்தது.

"ஏன் இவ்வளவு இறுக்கமா வெச்சீங்க?"

"போன் விழக் கூடாதுன்னுதான். ரெண்டு கையும் வேணும், திறக்கவும் மூடவும். அக்கா, இது பையா பேங்க் லாக்கரான்னு கேலி பண்ணுவான்."

"போன் உங்க கைக்கு எப்படி வந்துச்சு?"

"இந்தப் பையோடதான். நர்ஸம்மா கவர்ல போட்டுக் குடுத்தாங்க. நான்தான் ஜிப்பைத் திறந்து..."

அக்காவின் கை அந்த ஜிப்பைத் தேடிப் போனது.

"கையில போனோட விழுந்த ஆள்" என்றார் துப்பறிவாளர், குரல் ஒரு படி இறங்க, "அந்தரத்துல ரெண்டு கையையும் வெச்சு ஜிப்பை மூடிட்டு விழுந்தாரா?"

"பொறுப்பான ஆசிரியர் மேடம்" என்றான் சோடாபுட்டி. இந்தத் தடவை அவன் குரலிலும் சிரிப்பு இல்லை.

அடுத்தது போன். தம்பி எடுத்த படங்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன. பனி மூடிய பள்ளத்தாக்கு, வெயில் விழுந்த முகடு, மேகத்துக்கு மேலே தலை நீட்டும் மரங்கள். எல்லாம் அழகு. எல்லாம் இடப்பக்கம் சாய்ந்திருந்தன, சுவரில் ஆணி கழன்ற படம் மாதிரி.

"ஓடிக்கிட்டே எடுப்பான். நிக்க மாட்டான். நின்னா மூச்சு ஆறிடும், அப்புறம் கால் வராதும்பான். இடது கையால ஒரு க்ளிக், உடனே உள்ள போட்டுடுவான். அந்தக் கை முழுசா நீளாது. சின்ன வயசுல மதில் மேலேர்ந்து நான் தள்ளிவிட்டேன். முழங்கை ஒடிஞ்சு கோணலா சேர்ந்துடுச்சு. அதான் அவன் எடுக்கிற மலையெல்லாம் ஒரு பக்கமா சாயும். நின்னு எடுத்தா வலது கை. அது நேரா இருக்கும்."

கடைசிப் படம். ஏழு ஐம்பத்தொன்று. பள்ளத்தாக்கில் பனி கிழிந்து வெளிச்சம் பாய்கிறது. அதுவும் இடப்பக்கம் சாய்ந்திருந்தது.

"அப்ப விளிம்புல நின்னு எடுக்கல. ஓடிட்டு இருந்தார். எடுத்தார், மூடினார், ஓடினார். பாதையை விட்டு யாரும் ஓட மாட்டாங்க. கால் வெச்ச இடம் பாதைன்னு நம்பித்தான் ஓடினார். நம்ப வெச்சது எது?"

படத்தின் கீழ் மூலையைப் பெரிதாக்கினார். விளிம்பை ஒட்டிய புல் கற்றையில் ஆரஞ்சு நிறத்தில் ஏதோ. அதன் தலையில் கறுப்பாக ஒரு பொட்டு.

"பூவும் வண்டும்" என்றான் சோடாபுட்டி.

"பாதை காட்டுறதுக்குக் கட்டுற ரிப்பன். அந்த வண்டு என்னன்னு தெரிஞ்சா வேலை முடிஞ்சுது. காரை எடு."

அமைப்பாளரின் அலுவலகம் கடைத்தெருவில் மாடியில் இருந்தது. அக்கா காரிலேயே இருந்தாள். அவளுக்குத் தடை உத்தரவு அமலில் இருந்தது. உள்ளே கோப்பைகள், பதக்கங்கள், அட்டைப் பெட்டிகள். நாற்காலிக்குப் பின்னால் சுவரை அடைத்துக்கொண்டு, அடுத்த வருடப் போட்டிக்கான புத்தம் புதிய போஸ்டர். பளீரென்ற வானம், கீழே பனிக்கடல், நடுவில் கறுத்த நிழலுருவாக ஒரு ஓட்டக்காரர். இரண்டு காலும் தரையில் இல்லை. 'மேகத்தின் மேல் ஓடுவோம்' என்று பெரிய எழுத்து.

"இவரு ஓடுறாரா, ஊருக்குப் பறந்து போறாரா?" என்றான் சோடாபுட்டி.

அமைப்பாளர் மலர்ந்துவிட்டார். "எல்லாரும் அதைத்தான் கேக்குறாங்க! இந்த வருஷம் எடுத்தது. நம்ம மூணாவது வளைவு. எங்க போட்டோகிராபர் குடுத்தார்."

துப்பறிவாளர் போஸ்டரை ஒரு கணம் கூடுதலாகப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார்.

"ரிப்பன் கட்டினது யாரு?"

"நான்தான். நானேதான். எங்க அப்பா பார்சல் ஆபீஸ்ல இருந்தவர், அவர் கத்துக்குடுத்த ரெட்டை முடிச்சு. யானை இழுத்தாலும் அவிழாது. ஓடுறவங்களுக்கு வலப்பக்கம் ரிப்பன் வரணும். மூணாவது வளைவுல வலது உள்பக்கம் பாறைச் சுவர், இடது வெளிப்பக்கம் புல்லு. ரிப்பன் எல்லாம் பாறையோட ஒட்டின புதர்ல. அந்தத் தம்பிக்குப் பின்னாடி வந்த நூத்தி நாப்பது பேரும் பாறையை ஒட்டித்தானே போனாங்க? முன்னாடி போன எட்டுப் பேரும் அப்படித்தானே? அவர் ஒருத்தர்தான் புல்லுக்குப் போனார். போட்டோ மோகம் மேடம். என்ன பண்றது!"

"கழட்டின ரிப்பன் எங்க?"

அமைப்பாளர் ஒரு மூட்டையைக் காலால் தள்ளினார். "ஓடுறவங்களுக்குப் பின்னாடி கடைசியா வர்ற எங்க ஆள் பிளேடால அறுத்து எடுத்துட்டு வருவார். முடிச்சோட அப்படியே இருக்கும்."

துப்பறிவாளர் மூட்டையைத் தரையில் கொட்டினார். சோடாபுட்டி முனகிக்கொண்டே மண்டியிட்டான். இருவரும் ஒவ்வொரு ரிப்பனாக எடுத்துப் பார்த்து வலப்பக்கம் போட்டார்கள். முக்கால் மணி நேரம். அமைப்பாளர் இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றாம் தடவை பார்க்கத் துணியவில்லை.

வலப்பக்கம் குன்றாகக் குவிந்தது. எல்லாவற்றிலும் ரெட்டை முடிச்சு. இடப்பக்கம் மூன்றே மூன்று. அவற்றில் ரெட்டை முடிச்சு இல்லை. அவசரத்தில் போட்ட சுருக்கு. அது மட்டுமல்ல, மூன்றின் நுனியிலும் பல் பதிந்த தடம். ஒன்றில் மட்டும் இரண்டு பல், நடுவில் இடைவெளி, மறுபடி இரண்டு பல்.

"எலி கடிச்சிருக்கு. முன்பல்லு போன எலி" என்றான் சோடாபுட்டி.

"இது நான் கட்டினதே இல்லை" என்றார் அமைப்பாளர். முகம் வெளிறிவிட்டது. நடிப்பாக இருந்தால் நல்ல நடிப்பு.

"நீங்க கட்டினதை யாரோ அவிழ்த்து, புல்லு பக்கம் மாட்டி, ஆள் விழுந்த பிறகு திரும்ப இழுத்துக் கட்டியிருக்காங்க. அதான் பின்னாடி வந்த நூத்தி நாப்பது பேரும் பிழைச்சாங்க. நேர்ல கண்ட பணியாளர் யாரு?"

"அது... எங்க போட்டோகிராபர். வளைவுல அவர்தான் உட்கார்ந்திருந்தார். ரொம்ப வருஷப் பழக்கம். பேர் வெளிய வர வேணாம்னு கேட்டுக்கிட்டார். நான் சரின்னுட்டேன். எனக்கு எதுவும் தெரியாது மேடம், சத்தியமா."

"தெரியாதுதான்." குரல் இன்னும் இரண்டு படி இறங்கியது. "ஒரு மூட்டையைக் கொட்டிப் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும். உங்க காலடியிலதான் இருந்துச்சு. பன்னிரண்டு நாளா அதுமேல காலை நீட்டிக்கிட்டு, படுக்கையில கிடக்கிற ஒரு மனுஷனைப் பத்தி அறிக்கை எழுதியிருக்கீங்க. நாலு மணிக்கு ஸ்கூலுக்கு வாங்க. வரலைன்னா, அந்தம்மாகிட்ட ஒரு டஜன் கண்ணாடி டம்ளரைக் குடுத்து மேல அனுப்புவேன்."

படியில் இறங்கும்போது சோடாபுட்டி சொன்னான்: "நான் இந்த ஆளைத்தான் நினைச்சேன் மேடம். முழியே சரியில்ல."

"முழி சரியில்லாதது கண்ணை மூடி வெச்சிருந்ததால."

மணி இரண்டு ஐம்பது.

ஸ்டுடியோ இரண்டு தெரு தள்ளி. வாசலில் கல்யாண ஜோடிகளின் படங்கள். துப்பறிவாளர் அக்காவைக் காரிலேயே இருக்கச் சொன்னார், கூப்பிடும் வரை. சோடாபுட்டியின் காதில் ஏதோ சொன்னார்.

"பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுக்கணும்" என்றபடி சோடாபுட்டி உள்ளே போய், நீலத் திரைக்கு முன்னாலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டான்.

புகைப்படக்காரர் ஒல்லியாக, வெள்ளைச் சட்டையில், பணிவாக இருந்தார். "தாடையைக் கொஞ்சம் தூக்குங்க. கண்ணாடியைக் கழட்டுங்க சார், லைட் அடிக்குது."

"கழட்டினா நீங்க இருக்கிறதே தெரியாது. சிரிக்கலாமா?"

"பாஸ்போர்ட்டுக்குச் சிரிக்கக் கூடாது."

"அப்ப எனக்கு எதிரா சதி பண்ணியிருக்காங்க."

சொல்லிக்கொண்டே அவன் தாடையைத் தூக்கினான். தலைக்கு மேலே நீலத் திரையைக் கம்பியோடு சேர்த்துப் பிடித்திருந்தன கறுப்புக் கிளிப்புகள். உள்ளங்கை நீளம், முரட்டுப் பற்கள். வண்டுகள் வரிசையாக உட்கார்ந்திருந்த மாதிரி.

"மேடம்" என்றான் சோடாபுட்டி, தாடையை இறக்காமலே. "வண்டு கூடு கட்டியிருக்கு."

துப்பறிவாளர் இதற்குள் கணினியருகே நாற்காலியை இழுத்துப் போட்டிருந்தார். "மலையோட்டப் படமெல்லாம் பார்க்கலாமா? சொந்தக்காரங்க ஒருத்தர் ஓடினார்."

புகைப்படக்காரர் தயங்காமல் காட்டினார். மூன்றாவது வளைவு என்று ஒரு கோப்புறை. ஓட்டக்காரர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். முதல் எட்டுப் பேர். அப்புறம் நூற்று நாற்பது பேர். ஒவ்வொருவர் முதுகுக்குப் பின்னாலும் ஈரமான கறுப்புப் பாறை.

"எல்லாம் நீங்க ஒரே இடத்துல உட்கார்ந்து எடுத்ததா?"

"எழுந்திரிக்கவே இல்ல மேடம். அங்க உட்கார்ந்தா பாறைதான் பின்னணி. கொஞ்சம் இருட்டு. என்ன பண்றது!"

"ஒன்பதாவது ஆள் படம் இல்லையே?"

"அந்தப் பாவமா? அவர் என் ஃபிரேமுக்குள்ளயே வரல. நான் கத்தினேன். கையில போன், காதுல விழல."

"அப்படியா?" துப்பறிவாளர் பையிலிருந்து, நடுவில் இடைவெளி விட்டுப் பல் பதிந்த ரிப்பனை எடுத்தார். "சோடா, கிளிப்பு ஒண்ணு கழட்டு."

சோடாபுட்டி ஒன்றைக் கழற்றினான், பார்த்தான், மாட்டினான். இரண்டாவது. மூன்றாவது. நாலாவதில் நடுப்பல் உடைந்திருந்தது. ரிப்பன் நுனியை அதன் வாயில் வைத்தான். தடம் சாவி பூட்டில் விழுந்த மாதிரி உட்கார்ந்தது.

"முன்பல்லு போன எலி அகப்பட்டுடுச்சு மேடம்."

புகைப்படக்காரரின் பணிவு ஒரு நொடியில் காணாமல் போனது. "ரிப்பன் மலை முழுக்கக் கிடந்துச்சு. கிளிப்பு என் பையில கிடந்துச்சு. அதனால என்ன? யாரு என்ன நிரூபிக்க முடியும்? அங்க நான் ஒருத்தன்தான் இருந்தேன்."

"அதான் நான் கேக்க வந்தது" என்றார் துப்பறிவாளர். "மூணாவது வளைவுல எழுந்திரிக்காம எடுத்த படம் எல்லாத்துலயும் பாறை இருக்கு. அமைப்பாளர் ரூம்ல தொங்குற போஸ்டரும் மூணாவது வளைவு, இந்த வருஷம். அதுல பாறை எங்கய்யா போச்சு?"

புகைப்படக்காரரின் கண் உள்ளறைப் பக்கம் ஓடித் திரும்பியது.

"நீங்க எழுந்திரிக்கல. பாறை நகராது. அப்ப நகர்ந்தது ஓடின ஆளு. பாறையை விட்டு, வெளிப்பக்கம், விளிம்புக்கு. பின்னாடி வெறும் வானம். சோடா, அந்தம்மாவைக் கூப்பிடு."

அக்கா உள்ளே வந்தாள். உள்ளறைக் கதவு திறந்திருந்தது. அங்கே சுவரில், சட்டம் போட்டு, அமைப்பாளரின் போஸ்டருக்கு மூலமான அந்தப் படம் ஆளுயரத்துக்குத் தொங்கியது. எழுத்துகள் இல்லை; வானமும் பனியும் அந்தக் கறுத்த உருவமும் மட்டும். சட்டையில் எண் இல்லை, அழிக்கப்பட்டிருந்தது. முகம் இருட்டு; ஆனால் இந்த அளவில் மேலங்கியின் ஜிப் மங்கலாகத் தெரிந்தது. வலது கை முழுசாக நீண்டிருந்தது. இடது கை நீள முயன்று, முழங்கையில் நின்றுபோய், வெளிப்பக்கம் கோணிக்கொண்டிருந்தது.

அக்கா அதன் முன்னால் போய் நின்றாள். கை தானாகக் கழுத்து நாடாவைப் பிடித்தது.

"நான் ஒடிச்ச கை" என்றாள்.

திரும்பினாள். "இது ஓட்டம் இல்ல. இது விழறது. என் தம்பி விழறதை நீ சட்டம் போட்டு மாட்டியிருக்கே!"

புகைப்படக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"அந்தப் புல்லு நாலடி இருந்துச்சும்மா. நாலடி அகலம். எட்டுப் பேர் போனப்புறம் வெயில் வந்துச்சு, பனி விலகிச்சு. அப்படியொரு வெளிச்சம் அஞ்சு நிமிஷம்தான் நிக்கும். மூணு ரிப்பன், கொஞ்சமா வெளிய நகர்த்தினேன். புல்லுல முடிச்சு நிக்கல, கிளிப்பு போட்டேன். நல்ல படமா ஒருத்தருக்கு அமையட்டும்னுதான். நான் மிதிச்சுப் பார்த்துட்டுத்தான்..."

"நடந்து மிதிச்சீங்களா, ஓடி மிதிச்சீங்களா?" என்றார் துப்பறிவாளர். குரல் இப்போது தரையைத் தொட்டிருந்தது.

"நடந்து."

"புல்லு சரிஞ்சப்ப கத்தினீங்களா?"

அவர் கைகளைப் பார்த்துக்கொண்டார். "படம் எடுத்துட்டு இருந்தேன். விரல் பட்டன்லயே இருந்துச்சு. பதினொரு படம் ஓடிடுச்சு. பத்தை அழிச்சிட்டேன். இதை மட்டும்... அப்படியொரு படம் அதுக்கு முன்னாடி எனக்கு அமைஞ்சதே இல்லம்மா. நிழல்தானே, யாருக்குத் தெரியும்னு..."

சோடாபுட்டி சட்டத்தை நோக்கிப் பாய்ந்தான். பதினைந்து வருடத்தில் அவன் பாய்ந்து துப்பறிவாளர் பார்த்ததில்லை. இரண்டு கையாலும் பிடித்துச் சுவரிலிருந்து இழுத்து, முழங்காலில் வைத்து உடைக்கப் போனான்.

"தொடாதீங்க!" அக்கா குறுக்கே வந்தாள். முகம் சிவந்து கண் எரிந்தது. கை மட்டும் துணி வெட்டும்போது இருப்பது போல நிதானமாக இருந்தது. "நல்லா பாருங்க. ரெண்டு கையும் விரிஞ்சிருக்கு. ரெண்டு கையிலயும் போன் இல்ல. நெஞ்சுல ஜிப்பு மூடியிருக்கு. இதை உடைக்கிறதா? இதைவிட சாட்சி எங்க கிடைக்கும்?"

பிறகு புகைப்படக்காரரிடம் சொன்னாள். "இறக்கு. நீயே தூக்கிட்டு வா. கார்ல இல்ல. தெருவழியா, நடந்து."

மணி மூன்று முப்பத்தைந்து. போலீசுக்குத் துப்பறிவாளர் போன் செய்து, பள்ளிக்கூட வாசலுக்கே வரச் சொன்னார். ஆளுயரச் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு அந்த மனிதர் முன்னால் நடந்தார். பின்னால் கழுத்தில் அளவு நாடாவோடு அக்கா. கடைகளிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன. தெரிந்தவர் ஒருவர், "அருமையான படம்ண்ணே! பரிசு ஏதும் வாங்குச்சா?" என்று கேட்டார்.

"இனிமேதான் குடுப்பாங்க" என்றான் சோடாபுட்டி.

குழு ஐந்து பேர். நடுவில் தலைமையாசிரியை. அவர் முன்னால் தட்டச்சு செய்த தாள் தயாராக இருந்தது. கையெழுத்து மட்டும் பாக்கி. துப்பறிவாளர் பத்து நிமிடத்தில் எல்லாவற்றையும் சொன்னார்: ஜிப், ரிப்பன், கிளிப், பாறை. கதவருகே அமைப்பாளர் வியர்த்துக்கொண்டு நின்றார். கேட்டபோது, "அறிக்கை தப்பு, வாபஸ் வாங்குறேன்" என்று தரையிடம் சொன்னார். புகைப்படக்காரர் எதையும் மறுக்கவில்லை.

குழுவில் ஒருவர் தொண்டையைக் கனைத்தார். "கேக்கவே வேதனையாதான் இருக்கு. இருந்தாலும் அவசரப்பட வேணாம். அடுத்த மாசக் கூட்டத்துல வெச்சுப் பேசி, நிதானமா ஒரு முடிவு..."

"நிதானமா?" அக்கா மேசைக்கு அருகில் வந்தாள். "அன்னிக்கு ஒரு போட்டோவைப் பார்த்தீங்க. எத்தனை நிமிஷம் பார்த்தீங்க? போன்ல, விரலால தள்ளிக்கிட்டே, ஒரு நிமிஷம் இருக்குமா? அந்த ஒரு நிமிஷத்துல என் தம்பியைப் பைத்தியக்காரன்னு முடிவு பண்ணீங்க. அடிச்சு வெச்ச தாள் அதோ இருக்கு. இதையும் ஒரு நிமிஷம் பாருங்க. யாரும் பேசக் கூடாது. நான் மணி பார்க்கிறேன்."

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்து பேரும் படத்தைப் பார்த்தார்கள். வானத்தில் ஒரு மனிதன், கோணிய முழங்கை, பிடிக்க எதுவுமில்லாத இரண்டு கைகள். வெளியே மைதானத்தில் பிள்ளைகள் யாரையோ எண்ணி எண்ணி ஓடவிட்டுக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. இருபது நொடியில் கனைத்தவர் தலையைக் குனிந்துகொண்டார். நாற்பதில் தலைமையாசிரியை பேனாவை மூடினார். அறுபது ஆவதற்குள் அந்தத் தாளை எடுத்து, குறுக்கே ஒரு தடவை, நெடுக்கே ஒரு தடவை கிழித்தார்.

"சார் எழுந்து நடக்கிற வரைக்கும் அந்த வேலை சாரோடதுதான்" என்றார். "எத்தனை மாசமானாலும்."

அக்காவின் கோபம் அப்போதும் இறங்கவில்லை. நன்றி சொல்லவில்லை. போய் நாற்காலியில் உட்கார்ந்து, கழுத்து நாடாவை உருவி, விரலில் இறுக்கிச் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள்.

சாட்சிக்காகத் துப்பறிவாளர் கொண்டுவந்திருந்த இன்னொரு படம் மேசையில் கிடந்தது. தம்பி எடுத்த கடைசிப் படம், ஏழு ஐம்பத்தொன்று, தாளில் அச்சிட்டது. கனைத்தவர் ஏதாவது செய்ய வேண்டுமே என்று அதை எடுத்து, பெரிய படத்தின் பக்கத்தில் சாய்த்து வைத்தார். மலை கோணலாகத் தெரிந்தது. கொஞ்சம் தள்ளி நின்று பார்த்துவிட்டு, வானமும் பள்ளத்தாக்கும் மட்டமாக வரும்படி தாளின் ஒரு முனையைத் தூக்கினார்.

"விடுங்க" என்றாள் அக்கா. "அதை நேராக்காதீங்க. அவன் ஓடிட்டு இருந்தான்."